சொல் விளக்கம்: ஒட்டு மரபணு, ஒட்டுப்படி

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய் பற்றிய கையேடு ஒன்றில், ஆங்கிலத்தில் ‘ஃபியூஷன் ஜீன்’ எனப்படுவதை மறுபடியும் ‘கலப்பு மரபணு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இந்த நோய் வந்தபோது அவர் மனைவி முதலில் கேட்டது இதைத்தான்: “கலப்புன்னு போட்டிருக்கே, பிள்ளைங்களுக்கும் வருமா?” வராது. இது பெற்றோரிடமிருந்து இறங்குவதில்லை. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் ஒரு ஸ்டெம் செல்லில் பிற்பாடு நேர்வது. கலப்பு என்றாலே நம் காதில் திருமணமும் வம்சமும்தானே விழுகிறது!

ஃபியூஷன் என்பதன் இலத்தீன் வேருக்கு ஊற்றுதல், உருக்கி வார்த்தல் என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு கலப்பு என்கிறார்கள். இங்கே எதுவும் உருகவில்லை. 9ஆம் குரோமோசோமிலிருந்து ஏபிஎல் மரபணு முறிந்துபோய், 22இல் உள்ள பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த நோயாளிகளிடம் 1960இல் கண்ட குட்டையான 22ஆம் குரோமோசோமுக்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். அது 9, 22 இரண்டின் துண்டுகளும் இடம் மாறியதால் உருவானதுதான் என்று 1973இல் காட்டியவர் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி. பாலில் தண்ணீர் கலந்தால் எது எங்கே என்று சொல்ல முடியாது. ஒட்டு மாங்கன்றில் ஒட்டிய இடம் தடித்துத் தெரியும். சோதனைக்கூடம் தேடுவதும் அந்த ஒட்டிய இடத்தைத்தான். அதனால் ஒட்டு மரபணு என்பேன். ‘இணைவு’ என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ‘கலப்பு’ மட்டும் வேண்டாம்.

சரி, டிரான்ஸ்கிரிப்ட்? கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறோமே, அந்தப் ‘படி’ போதும். மரபணுவைப் பார்த்து எழுதிய ஆர்என்ஏ படி, ஆகவே ஒட்டுப்படி.

பெரும்பாலானவர்களுக்கு வருவது இ13ஏ2 அல்லது இ14ஏ2. அதாவது பிசிஆரின் 13 அல்லது 14ஆம் எக்சானோடு (மரபணுவில் படியில் இடம்பெறும் துண்டு) ஏபிஎல்லின் 2ஆம் எக்சான் ஒட்டியிருக்கும். அரிதாகச் சிலருக்கு இ14ஏ3, அதில் 2ஆம் எக்சான் இருக்காது. ஒட்டுப்படியைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் வழக்கமான பாலிமரேஸ் சோதனைகள் பல 2ஆம் எக்சானை வைத்தே தேடுகின்றன. அது இல்லாத படி கண்ணில் படாது. நோய் இருக்கும், அறிக்கை ‘இல்லை’ என்று வரும். இதை ‘அசாதாரணக் கலப்புப் படியம்’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? ஒட்டு இடம் மாறிய படி என்றால் மாங்கன்று வைத்தவருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் ஒரு நோயாளியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். சோதனையையும் (PCR) ‘பிசிஆர்’, மரபணுவையும் (BCR) ‘பிசிஆர்’ என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு, தமிழில் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் நான் பாலிமரேஸ் சோதனை என்கிறேன். அப்புறம், எந்த ஒட்டு என்பதை முதல் அறிக்கையிலேயே கேட்டு வாங்குங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பின்னால் அளப்பது அதை வைத்துத்தான்.