நனைத்தால் மறையும் கீறல்

படச்சுருளை ஸ்கேனரில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் அது டிஜிட்டலாகிவிடாதா, அதற்கு ஏன் தேர்ச்சி பெற்ற ஆள் வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பழைய திரைப்படம் ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, எந்தக் காட்சியும் வெட்டப்படாமலேயே சில நிமிடங்கள் முன்னதாக முடிந்துவிட்டது எப்படி என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. அதற்கான விடை சிறியது என்பதால் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியை எடுத்துக்கொண்டால், ஸ்கேனருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பது மட்டுமே. திரையின் குறுக்கே ஓடும் கருங்கோடு காட்சியில் இருந்த மின்கம்பியா, சுருளின் மேல் விழுந்த கீறலா என்பதைச் சொல்ல அதனால் இயலாது. படத்துக்கு உரியது எது, காலம் அதன்மேல் ஏற்றிவைத்தது எது என்று பிரித்தறியத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆளின் வேலை இயந்திரத்துக்கு வெளியே தொடங்குகிறது. பருத்திக் கையுறை அணிந்து, சுருளை மெதுவாகச் சுற்றியபடி, அதன் ஓரங்களில் கிழிந்த துளைகளையும் பிரியத் தொடங்கிய ஒட்டுகளையும் கண்டு சீர்செய்ய வேண்டும். டப்பாவைத் திறந்தவுடன் காடி வாடை அடித்தால், அசிட்டேட்டால் ஆன அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது என்று பொருள். அத்தகைய சுருள் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். ஒரு விழுக்காடு சுருங்கினாலே, சுருளை இழுக்கும் பல்சக்கரத்தின் பற்கள் துளைகளோடு பொருந்தாமல் அவற்றைக் கிழித்துவிடக்கூடும் என்பதால், அதைப் பற்களில்லாத உருளைகளைக் கொண்ட ஸ்கேனரில்தான் ஓட்ட வேண்டும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்கான பாதுகாப்பு விதிகள் வேறு. சுருளின் எந்தப் பக்கத்தில் படம் இருக்கிறது என்ற ஐயம் வந்தால், ஒரு முனையை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். உதட்டில் ஒட்டுகிற பக்கமே எமல்ஷன், அதாவது படத்தைத் தாங்கிய ஜெலட்டின் பூச்சு.

அந்த இரு பக்கங்களைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்த உத்தி ஒன்று இருக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காதது அதுதான். படச்சுருள் என்பது ஏறத்தாழ 0.14 மி.மீ. தடிமனுள்ள தெளிந்த பிளாஸ்டிக் அடித்தளமும், அதன்மேல் பூசப்பட்ட மெல்லிய ஜெலட்டின் படலமும் சேர்ந்தது. படம் முழுவதும் ஜெலட்டினுக்குள் இருக்கிறது. எனவே அடித்தளத்தின் பக்கம் விழும் கீறல் படத்தின் ஓர் அணுவைக்கூட அழிப்பதில்லை. ஆயினும் அது திரையில் கருங்கோடாகத் தெரிகிறது. காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நுழையும் ஒளி, கீறலின் சரிந்த சுவர்களில் பட்டு விலகி, லென்சுக்குள் வராமல் பக்கவாட்டில் போய்விடுவதுதான் காரணம். நாம் கீறலாகக் காண்பது வழிதவறிய ஒளியைத்தான். ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்த நெகட்டிவில் இவ்வாறு கருத்துத் தெரியும் கோடு, அதைப் பாசிட்டிவாக மாற்றும்போது வெண்கோடாகிவிடும். தூசிக்கும் இதே கணக்குப் பொருந்தும். பிரிண்டை, அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த பாசிட்டிவ் படியை, ஓட்டும்போது கரும்புள்ளி தெரிந்தால் தூசி அந்தப் பிரிண்டின் மேலேயே இருக்கிறது என்றும், வெண்புள்ளி தெரிந்தால் அது நெகட்டிவிலிருந்து படியெடுக்கும்போதே வந்து சேர்ந்தது என்றும் பழகிய கண் உடனே சொல்லிவிடும். முன்னதைத் துடைக்கலாம்; பின்னதைத் துடைத்துப் பயனில்லை.

கிளிசரினில் அமிழ்த்திய கண்ணாடிக் கோல் கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பள்ளி ஆய்வகத்தில் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், எல்லையில் ஒளி வளைவதில்லை; வளையாத இடத்தில் கண்ணுக்கு எல்லையும் இல்லை. அந்தக் கோலுக்குப் பதிலாகக் கீறல் விழுந்த படச்சுருளை வைத்தால் அதுவே 'வெட் கேட்'. ஸ்கேனரில் சுருளை ஒளி ஊடுருவும் சிறு சாளரத்தில் ஒரு திரவத்தை நிரப்பி, சுருளை அதன் ஊடாகவே ஓட்டுகிறார்கள். அசிட்டேட் அடித்தளத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.48. உலர்சலவையில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீனுக்கு அது சுமார் 1.50. திரவம் கீறலை நிரப்பியவுடன், ஒளியின் கணக்கில் அந்தப் பள்ளம் தூர்ந்துபோகிறது. ஒரு கணம் முன்பு வரை முகத்தின் மேல் மழைபோலப் பெய்துகொண்டிருந்த கோடுகள், எந்தக் கணிப்பொறியும் தலையிடாமல் மறைந்துவிடுகின்றன.

தண்ணீரே போதாதா என்று கேட்கலாம். அதன் எண் 1.33 என்பதால் கீறல் மங்குமே தவிர முழுதாக மறையாது. அதைவிட முக்கியமாக, ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். பெர்குளோரோஎத்திலீன் ஜெலட்டினை உப்பவைப்பதில்லை, விரைவில் ஆவியாகவும் செய்கிறது. ஆனால் அதன் ஆவி நச்சுத்தன்மை உடையது, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள்களின் வரிசையில் உள்ளது என்பதால், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத அறையில் அதைத் திறக்கவே கூடாது. திரவத்தில் ஒரு குமிழி நுழைந்தால் அதுவும் படமாகப் பதிவாகிவிடும். எனவே திரவத்தின் ஓட்டத்தையும் சுருளின் வேகத்தையும் இணைத்துச் சீர்செய்வது தனிப் பழக்கம். பாலியெஸ்டர் அடித்தளத்தின் எண் 1.6ஐ ஒட்டியிருப்பதால் அங்கே பொருத்தம் இவ்வளவு துல்லியமாக அமைவதில்லை. இன்றைய பல ஸ்கேனர்கள் திரவத்துக்குப் பதிலாக எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வரும் ஒளியைப் பயன்படுத்துகின்றன. ஒரு கதிர் விலகிப் போனால் வேறொரு கதிர் அதனிடத்தை நிரப்பிவிடும் என்பதால் கீறல் பெருமளவு மங்குகிறது. நல்ல வழிதான், எனினும் ஆழமான கீறலுக்கு நனைப்பதே மேல்.

எமல்ஷன் பக்கத்துக் கீறலுக்கு இந்த மருந்து செல்லாது. அங்கே சாயமே சுரண்டப்பட்டிருக்கிறது. வழக்கமான வண்ணப் பிரிண்டில் மேலடுக்கு மெஜந்தா, அதன்கீழ் சையான், அடியில் மஞ்சள். மேலடுக்கு மட்டும் உரிந்தால் அது தடுத்துக்கொண்டிருந்த பச்சை ஒளி வெளிவந்து பச்சைக் கோடாகத் தெரியும். சையானும் போனால் கோடு மஞ்சளாகும். எல்லாம் போனால் வெண்மை. கோட்டின் நிறத்தைக் கொண்டே காயத்தின் ஆழத்தைச் சொல்லிவிடலாம் என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு! இந்தக் காயத்தை அடுத்தடுத்த சட்டகங்களை, அதாவது சுருளிலுள்ள தனித்தனிப் படங்களை, பார்த்து மென்பொருள்தான் நிரப்ப வேண்டும். தானியங்கியாக விட்டுவிட்டால் அது ஒரே சட்டகத்தில் தோன்றி மறையும் எதையும் தூசியென்று கருதி, மழைத்துளியையும் தீப்பொறியையும் சேர்த்தே அழித்துவிடும். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறியும் முறை இதைவிட நம்பகமானது. வண்ணச் சாயங்கள் அகச்சிவப்பை ஊடுருவ விடுகின்றன, தூசி மறைக்கிறது. கருப்பு வெள்ளைச் சுருளில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளியும் அகச்சிவப்பை மறைக்கும் என்பதால், அங்கே இந்த முறை படத்தையே தூசியாகக் காட்டும்.

கூடுதல் தெளிவு கொண்ட ஸ்கேனர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை நான் ஒருவகை எண் வழிபாடு என்றே சொல்வேன். இத்துறைக்கு ஒதுக்கப்படும் பணம் இயந்திரத்துக்கு எளிதில் கிடைக்கிறது, அதை இயக்குபவரின் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை. 'இரவுக்காகப் பகல்' என்ற பழைய உத்தியை அறியாத ஒருவர் முன்னால் எவ்வளவு உயர்ந்த ஸ்கேனர் இருந்து என்ன பயன்? பகல் வெயிலில் படமெடுத்து, பிரிண்ட் போடும்போது இருட்டாக்கி இரவாகக் காட்டிய காட்சி, நெகட்டிவில் பகலாகவே இருக்கும். அழுத்தமான நிழல்களைக் கண்டும், வசனத்தைக் கேட்டும், பழைய பிரிண்டோடு ஒப்பிட்டும் பார்க்காமல் வெளிச்சத்தைக் கூட்டினால், கையில் விளக்கோடு நடப்பவர் நண்பகலில் நடப்பார்.

ஒளிபரப்புக்கென்று சில கட்டாயங்களும் உண்டு. ஒளியின் அளவை எண்ணால் குறிக்கும் 10 பிட் ஒளிபரப்பு முறையில் கருமைக்கு 64, வெண்மைக்கு 940 என்பன வரையறை. அவற்றுக்கு வெளியே அளவு வழிந்தால் தர ஆய்வில் கோப்பு திரும்பி வரக்கூடும். இனி இரண்டாவது கேள்வி. பேசும் படம் நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடுகிறது. நொடிக்கு 30 சட்டகங்களை ஒட்டிய முறையைப் பின்பற்றும் நாடுகளில், ஒவ்வொரு சட்டகமும் பாதிச் சட்டகங்களான இரண்டாகவும் மூன்றாகவும் மாறிமாறிப் பிரிக்கப்பட்டு, நான்கு ஐந்தாக்கப்படும். அங்கே நேரம் ஏறத்தாழ மாறுவதில்லை. நொடிக்கு 25 சட்டகங்கள் என்ற முறையைப் பின்பற்றும் நாடுகளில், நீண்டகாலமாகப் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவதே வழக்கம். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். ஒலியும் சேர்ந்தே விரைவதால், திருத்தாமல் விட்டால் பாடல்களின் சுருதி அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். வாசகரிடம் அந்த ஒளிபரப்பின் பதிவும், படத்தின் அசல் இசைத்தட்டும் இருந்தால், ஒரே பாடலை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.