ஒட்சியேற்ற எதிரியும் குறைநிரப்பியும்

போன கிழமை உப்புவெளியில் ஒரு பாமசியில் நிற்கிறேன், பக்கத்தில் முழங்கால் வலிக்குளிசை வாங்க வந்த ஐயா ஒருவர் பெரிய போத்தல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த அன்ரிஒக்சிடன்ற் எண்டா என்ன, கிட்னிக்கு நல்லதாமே?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

சரி, முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஒக்சிசன் என்ற பெயரை 1777 இல் வைத்தவர் பிரான்சின் லவோசியே. கிரேக்கத்தில் 'ஒக்சிஸ்' என்றால் புளிப்பு, மற்றப் பாதிக்குப் பிறப்பிப்பது என்று பொருள், ஏனென்றால் அமிலம் எல்லாவற்றிலும் இந்த வாயு இருக்கிறது என்று அவர் நம்பினார். அது பிழை, ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 'அன்ரி' என்பது எதிர். நம் பள்ளிக்கூடத் தமிழில் ஒட்சிசன், ஒட்சியேற்றம், ஆகவே ஒட்சியேற்ற எதிரி, அதாவது ஒட்சியேற்றத்தைத் தடுப்பது. தமிழ்நாட்டில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்பார்கள். ஒட்சியேற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரையோர வீட்டுப் படலைக் கொண்டியைப் பாருங்கள், உப்புக்காற்றில் கறள் பொருபொருவென்று உதிரும். இறப்பர் வெடிக்காமலும் எண்ணெய் காறாமலும் இருக்கச் சேர்க்கிற பொருட்களுக்கும் இதே பெயர்தான்.

சிறுநீரகத்திலும் கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது. கிருமித்தொற்றுக்குப் போடும் ஜென்டமைசின் ஊசியும், புற்றுநோய்க்கு ஏற்றும் சிஸ்பிளாட்டினும் சிறுநீரகக் குழாய்க் கலங்களுக்குள் சேர்ந்து அங்கே ஒட்சியேற்றத்தைக் கிளப்பிவிடும். எலிகளுக்கு மருந்தோடு சேர்த்து ஒட்சியேற்ற எதிரியான விற்றமின் ஈ கொடுத்தால் சேதம் குறைகிறது. மனிதரில் அவ்வளவு இலேசில்லை: இரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க ஏற்றும் சாயமருந்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்க அசற்றைல்சிஸ்ரெயின் என்ற ஒட்சியேற்ற எதிரியைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏறத்தாழ 5000 பேர், 2018 இல் முடிவு வந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட ஒன்றும் மேலாக இல்லை.

அடுத்த சொல்தான் எனக்குப் பிடித்தது. சப்ளிமென்ற் என்பதற்கு நம்மிடம் குறைநிரப்பி இருக்கிறது. குறை இருந்தால்தானே நிரப்பலாம்? நல்ல சிறுநீரகத்தின் கலங்கள் குளுத்தாதயோன் என்ற ஒட்சியேற்ற எதிரியைத் தாமே செய்துகொள்கின்றன. அதற்கு மேல் விற்றமின் சீ என்ற எதிரியையும் கொட்டினால் ஒரு பகுதி ஒக்சலேற்று என்ற கழிவுப்பொருளாக மாறும், அது சிறுநீரகத்தில் கல்லாகக் கட்டலாம். வளர்ந்தவருக்கு உச்ச எல்லை நாளுக்கு 2000 மில்லிகிராம், கரையும் குளிசை ஒன்றிலேயே பெரும்பாலும் 1000 இருக்கிறது. பழுதான சிறுநீரகத்துக்கு இன்னும் மோசம், விற்றமின் ஏ வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும். காமரங்காயிலும் (தமரத்தை என்பதும் அதுதான்) ஒட்சியேற்ற எதிரி நிறைய உண்டு, ஆனால் சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சு.

அப்புறம் வலிக்குளிசை. டைக்குளோபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுப்பது முக்கியமாக அங்கே போகிற இரத்தத்தைக் குறைத்துத்தான், அதற்கு எந்த எதிரி வந்து என்ன செய்யும். ஐயாவிடம் அவர் கையிலிருந்த மற்றக் குளிசையின் பெயரைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.