காற்று உள்ளே போகவில்லையா, வெளியே வரவில்லையா?

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு மூச்சு முட்டும்போது என்ன செய்கிறது என்று கேட்டால், "காற்று உள்ளே போக மாட்டேங்குது" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். ஆனால் அநேகமாக அங்கே நடப்பது நேர்மாறு. முந்தைய மூச்சில் உள்ளே போன காற்றே இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, அதனால் புதுசுக்கு இடமில்லை. நுரையீரல் நோயும் பயமும் ஏன் இவ்வளவு இறுகப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கும், நுரையீரல் தன் மீள்தன்மையை இழந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது மார்பு விரிவதால் குழாய்களும் கொஞ்சம் திறந்துகொள்கின்றன. விடும்போதுதான் அவை மூடிக்கொள்ளப் பார்க்கும். ஆகவே மூச்சை வெளியே விட நேரம் வேண்டும். சரி, கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விட்டால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி. பயம் வந்து அது 30 ஆகிவிட்டால் இழுக்கவும் விடவும் சேர்த்து மொத்தமே 2 விநாடிதான், அந்த அவசரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கி, அடுத்ததிலும் தங்கி, நெஞ்சு மேலும் மேலும் உப்பி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை தட்டையாகி, இழுக்க வேண்டிய தசைகளுக்கு இழுக்க வழியில்லாமல் போகிறது.

நுரையீரல் நன்றாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் உணர்ந்து பார்க்கலாம். நன்றாக இழுத்து, கால்வாசி மட்டும் வெளியே விட்டு, அங்கிருந்தே அடுத்த மூச்சை இழுங்கள். மூன்று, நான்கு முறை போதும். அப்போது வருகிற அந்தத் தவிப்போடு சிலர் மாடிப்படி ஏறுகிறார்கள், குளிக்கிறார்கள், சட்டை மாட்டுகிறார்கள்.

ஆக, பயந்தால் மூச்சு வேகமாகிறது, வேகமானால் காற்று சிக்குகிறது, சிக்கினால் மூச்சு முட்டுகிறது, முட்டினால் பயம் கூடுகிறது. பயம் நோயின் பக்கத்தில் சும்மா நிற்கவில்லை, நெஞ்சுக்குள் காற்றை அடைப்பதில் அதற்கும் நேரடிப் பங்கு இருக்கிறது.

"பயப்படாதே, தைரியமா இரு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதும் பலிப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதி பயத்துக்கு முக்கியமானது. ஓர் அரிய மரபணு நோயால் இருபக்க அமிக்டலாவும் சேதமான மூன்று பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுகிற, 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். அவர்களில் ஒரு பெண் பாம்பு, சிலந்தி, கத்திமுனை மிரட்டல் என எதற்குமே பயப்படாதவர் என்று ஆய்வுலகில் பெயர் பெற்றவர். 2013-ல் வெளிவந்த முடிவு: மூன்று பேருமே கடும் பீதிக்கு ஆளானார்கள். அதாவது மூச்சுமுட்டலுக்கான அபாய மணி, பயத்துக்கு நாம் வழக்கமாகக் கைகாட்டும் அந்த இடம் இல்லாமலே அடிக்கும். அதை மன உறுதியால் அணைக்கச் சொல்வது நியாயமே இல்லை.

விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, "பாரு, 95 இருக்கு, உனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்வதும் இப்படித்தான். மூச்சு முட்டும் உணர்வு ஆக்சிஜன் அளவை மட்டும் வைத்து வருவதில்லை. தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன, அதற்கு ஏற்ற அளவு காற்று நகர்கிறதா, நெஞ்சு எவ்வளவு உப்பியிருக்கிறது, போன தடவை என்ன ஆச்சு என்பதையெல்லாம் மூளை சேர்த்துப் பார்க்கிறது. எண் நன்றாக இருக்கும்போதே ஒருவர் நிஜமாகவே திணறலாம்.

மனச்சோர்வு வருகிற வழி வேறு, அது மெதுவாக வரும். படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று படியைத் தவிர்ப்பார்கள், அப்புறம் வெளியே போவதை, அப்புறம் ஆட்கள் வருவதையே. பயன்படுத்தாத கால் தசை இளைத்துப்போகும், இளைத்த தசைக்குச் சின்ன வேலையே பெரிய வேலை, ஆகவே முன்பைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். உலகம் ஒரு அறைக்குள் சுருங்கிவிடும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். ஆனாலும் அது பலருக்குக் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை, ஏனென்றால் களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் நுரையீரல் நோயிலும் வரும். 1983-ல் வெளியான 14 கேள்விகள் கொண்ட ஒரு பிரபலமான கேள்வித்தாள் இதனால்தான் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, பிடித்த விஷயங்கள் இன்னமும் பிடிக்கிறதா, சிரிப்பு வருகிறதா என்கிற ரீதியில் கேட்கிறது.

மருந்தும் குழப்பலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் அதிகம் எடுத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதுவே பதற்றம் போலத் தோன்றும். ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு மனநிலையையும் தூக்கத்தையும் கெடுக்கும். மாற்றம் தெரிந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தச் சுழலை எங்கே வெட்டுவது? உதடுகளைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் எடுத்து மெல்ல விடுவது எளிய வழி. குவிந்த உதடு காற்றுக்கு லேசாகத் தடை போடுவதால் குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் நீடிக்கிறது, குழாய் சீக்கிரம் மூடிக்கொள்வதில்லை, சிக்கிய காற்று வெளியேறுகிறது. முன்பக்கம் குனிந்து, கைகளைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றி உட்காருவதும், முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறியைப் பிடிப்பதும் உதவும். முகத்தில் படும் குளிர்காற்றை உணரும் நரம்புகள் மூச்சுமுட்டலின் தீவிரத்தைத் தணிக்கின்றன.

நீண்ட காலத்துக்கு என் ஓட்டு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குத்தான். கண்காணிப்போடு உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம் எல்லாம் சேர்ந்த சில வாரத் திட்டம் அது. 65 ஆய்வுகளைத் திரட்டிய 2015-ன் மதிப்பாய்வு ஒன்று மூச்சுத்திணறல், களைப்பு, மனநிலை, தன் நோய் தன் பிடியில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றில் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டியது. பாதுகாப்பான இடத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, மூச்சு வாங்குவதும் பிறகு அது அடங்குவதும் திரும்பத் திரும்ப நடக்கும்போது, மூச்சு வாங்குவது வேறு ஆபத்து வேறு என்று மூளையும் கற்றுக்கொள்கிறது. மனநல ஆலோசனையும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஆனால் மயக்கம் தரும் பதற்ற மாத்திரைகள் சிலருக்குச் சுவாசத்தையே மந்தமாக்கும், அவற்றைச் சொந்தமாக வாங்கிப் போடவே கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திணறலெல்லாம் பதற்றம் அல்ல. ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார், இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை என்றால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவசரம்தான்.

வழக்கமான திணறல் என்றால், பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள், பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். அவர் கண்ணில் படும்படி எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்து நீங்களே மெதுவாக, நீளமாக மூச்சை விட்டுக் காட்டுங்கள். அவர் அந்த வேகத்துக்கு வந்து சேரும் வரை விட்டுக்கொண்டே இருங்கள்.