பழைய பிக்கப் வண்டியில் பெட்ரோல் மிகுந்து இன்ஜின் நின்றுபோவது: பாகங்களை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பெட்ரோலில் ஓடும் பழைய பிக்கப் வண்டி கரும்புகை விடுகிறது, மைலேஜ் இறங்கிவிட்டது, ஓடும்போது ஓடினாலும் நிறுத்தத்தில் இன்ஜின் அணைந்துவிடுகிறது என்ற குறையோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சாரும் ஸ்பார்க் பிளக்குகளும் ஏற்கெனவே புதிதாக இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் மாற்றப்பட்டிருக்கும். உரிமையாளர் செலவழித்திருப்பார், குறை மட்டும் அப்படியே இருக்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்பது ஓர் அறிகுறிதான். அந்த மிகுதியான பெட்ரோலை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கேட்டு வாங்குகிறதா, அல்லது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் வேறு வழியில் அது உள்ளே நுழைகிறதா என்பதைத் தீர்மானிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நிறுத்தத்தில் மட்டும் இன்ஜின் அணைவதற்குக் காரணம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்று நுழையும் த்ராட்டில் வால்வு மூடியிருப்பதால் உள்ளே செல்லும் காற்று மிகக் குறைவு. அந்த நிலையில் சொட்டுச் சொட்டாகக் கசியும் பெட்ரோல்கூடக் கலவையை வெகுவாகக் கெடுத்துவிடும். சாலையில் வேகமாகச் செல்லும்போது காற்றும் எரிபொருளும் மிகுதியாகச் செல்வதால் அதே கசிவு ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. ஆகவே, சாலையில் நன்றாகத்தான் ஓடுகிறது என்று உரிமையாளர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. அது கசிவையோ ஐடிலிங் நேரத்துக் கணக்குப் பிழையையோ சுட்டிக்காட்டும் பயனுள்ள தகவல்.

முதலில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டருக்கு எது என்ற வரிசை மாறாமல் அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் உலர்ந்த கரி படிந்திருந்தால் இன்ஜின் முழுவதற்கும் பொதுவான காரணம் இருக்கிறது என்று பொருள். ஒன்றிரண்டில் மட்டும் கரியோ பெட்ரோல் ஈரமோ இருந்தால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையோ இக்னிஷன் வயரையோ சந்தேகிக்கலாம். பிசுபிசுப்பான கறுப்புப் படிவு எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. அது வேறு நோய். அடுத்து எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வீசினாலோ எண்ணெய் மட்டம் ஏறியிருந்தாலோ, குறையைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பெட்ரோல் கலந்த எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது; சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலமும் கழுவப்பட்டு ரிங்குகள் தேயும். ஏர் ஃபில்டரைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதையும் விட்டுவிடக் கூடாது.

இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் நான் மிக அதிகமாகக் கண்ட காரணம் இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரும் அதன் கனெக்டரும்தான். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பினால், பழைய கார்புரேட்டரில் சோக் இழுப்பது போலக் கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். பரவலாகப் பயன்படும் சென்சார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,500 ஓம் வரை இருக்கும் தடை, 80 முதல் 90 டிகிரிக்குள் ஏறத்தாழ 200 முதல் 350 ஓம் வரை இறங்கிவிடும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்து 1,000 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், நன்கு சூடேறிய இன்ஜினைக் கம்ப்யூட்டர் 40 டிகிரியை ஒட்டி இருப்பதாகவே எண்ணும். வயர் முழுவதும் அறுந்தால் பிழைக் குறியீடு பதிவாக வாய்ப்பு உண்டு. இத்தகைய அரைகுறைப் பிழை பெரும்பாலும் எந்த விளக்கையும் எரியவிடாது. சென்சாரை மட்டும் கழற்றி அளந்து அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்ப்யூட்டர் பக்கத்து முனையிலிருந்து, வயரையும் சேர்த்து அளக்க வேண்டும். டேஷ்போர்டு முள் சரியான சூட்டைக் காட்டுகிறது என்பதும் ஆதாரமாகாது, ஏனெனில் பல பழைய வண்டிகளில் அந்த முள்ளுக்குத் தனி சென்சார் உண்டு. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொண்டால் இன்ஜின் உண்மையிலேயே சூடேறாமல் இருந்து இதே விளைவைத் தரும்.

இன்ஜினுக்குள் செல்லும் காற்றை, அதைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மானிஃபோல்டு குழலின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் வண்டிகளில், அந்த சென்சாருக்குச் செல்லும் சிறிய வாக்யூம் குழாய் வெடித்திருந்தால், இன்ஜின் பாரம் இழுக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். அந்தக் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தாலே வெடிப்பு தெரியும்.

ஆக்சிஜன் சென்சாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காரணமில்லாமல் மாற்றப்படும் பாகங்களில் அதுவே முதலிடம் பெறுகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், குறைந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் அது காட்டும். உண்மையில் அது அளப்பது புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை மட்டுமே. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வருகிறது. அதைக் கண்ட சென்சார் பெட்ரோல் போதவில்லை என்கிறது. கம்ப்யூட்டர் மேலும் கூட்டுகிறது. சென்சாருக்கு முன்னால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் உள்ள கசிவு வெளிக்காற்றை இழுத்தாலும் இதே விளைவுதான். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம், கூட்டல் குறியோடு உயர்ந்து நிற்க, சைலன்சரில் கரும்புகை வந்தால் இந்த வழியில் தேட வேண்டும். ட்ரிம் கழித்தல் குறியோடு இறங்கியிருந்து, கலவையில் பெட்ரோல் மிகுதி என்று சொல்லும் P0172 பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால், சென்சார் பெரும்பாலும் உண்மையையே சொல்கிறது. அதை மாற்றுவது வீண். அதை உறுதி செய்ய ஒரு சிறிய வாக்யூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். வோல்ட் சட்டென்று இறங்கினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் குறைக்கக் குறைக்கவும் பெட்ரோல் மிகுகிறது என்றால், அழையாமல் நுழையும் வழிகளைத் தேட வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றும்போது அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால், உள்ளே உள்ள ரப்பர்த் தகடு கிழிந்துவிட்டது. த்ராட்டில் பாடியிலேயே இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் இன்ஜினை அணைத்தபின் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். பிரஷர் கேஜைப் பொருத்தி, அந்த வண்டிக்குரிய கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் கூடியிருந்தால், ரெகுலேட்டரைக் குறைசொல்லும் முன் டாங்கிக்குத் திரும்பும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதன் குழாயைக் கவ்வியால் நசுக்கியதும் ஐடிலிங் சீரானால் விடை கிடைத்துவிட்டது.

கார்புரேட்டர் வண்டியில் சூடேறிய பின்னும் சோக் தட்டு முழுதாகத் திறக்காதிருப்பது, மிதவையான ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருப்பது, பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வில் தூசு சிக்கியிருப்பது ஆகியவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இந்தச் சோதனைகளை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. பெட்ரோல் மிகுந்து ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைச் செக்கச் சிவக்கச் சூடாக்கும் என்பதால், காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. பெட்ரோல் குழாயைத் திறக்கும் முன் இன்ஜினை ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டொரு நாளில் மீண்டும் கரும்புகை என்று வண்டி திரும்பி வருவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் பழைய எண்ணெயை மாற்றாமல் விட்டதுதான்: அதில் கலந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, கிராங்க் கேஸ் காற்றோட்ட வால்வின் வழியே மீண்டும் மானிஃபோல்டுக்குள் போகிறது. எனவே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக்குகளைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, கம்ப்யூட்டரில் பதிந்த பழைய திருத்தங்களை அழித்து, இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் வரை ஓட்டி, ஐடிலிங்கில் ட்ரிம் சுழியை ஒட்டி நிற்பதைப் பார்த்த பின்பே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.