வாப்பா அனுப்பும் பணமும் பிள்ளை கையிலிருக்கும் போனும்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் நிலை இதுதான்: வாப்பா வளைகுடாவில் இருப்பார், பணம் உம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும், அந்தக் கணக்கோடு இணைந்த போன் பிள்ளையின் கையில் இருக்கும். ஆலோசனைக்கு வரும் பெற்றோர் "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாட விடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது, வீட்டுப் பணம் எந்த வழியாகக் கேமுக்குள் போகிறது என்பதை.

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ என்ற போன் கேம்கள் இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். செலவு உள்ளே இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் உடை போன்றவற்றை வாங்க உதவும் கேம் காசுக்குப் பெயர் டயமண்ட். 100 டயமண்ட் ஏறத்தாழ 80 ரூபாய். வாரத்துக்கு இரண்டு முறை வாங்கினால் ஆண்டுக்கு 8,320 ரூபாய். சிறு தொகையாகப் போவதால் யார் கண்ணிலும் படாது. வாங்கும் உடையால் பெரும்பாலும் ஆட்டத்தில் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் சாதா உடையில் வருகிறவனைக் கூட்டாளிகள் 'நூப்' (ஆடத் தெரியாதவன்) என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் காசு போடுகிறார்கள். இது புரியாமல் அடித்தால் அடுத்த முறை இன்னும் ரகசியமாகச் செய்வார்கள்.

பல வீடுகளில் பணம் அனுப்பக் கேட்கும் ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணைப் பிள்ளை திருடுவதில்லை, நாமே கொடுத்திருக்கிறோம். உம்மாவுக்கு ஜிபே பழக்கமில்லை, கரண்ட் பில் கட்டுவது முதல் கடைக்கு அனுப்புவது வரை மகன்தான் செய்கிறான். வங்கி எஸ்எம்எஸ்ஸை அவன் அழித்துவிட்டாலும் பாஸ்புக் பதிவை அழிக்க முடியாது. ஆகவே முதல் வேலை, கடைசி மூன்று மாதப் பதிவை எடுத்து 'கூகுள் பிளே' என்று வரும் வரிகளையும், தெரியாத ஆட்களுக்குப் போன சிறு தொகைகளையும் கூட்டிப் பார்ப்பது.

பிறகு பின் எண்ணை மாற்றுங்கள், பிறந்த ஆண்டு வேண்டாம். வெளிநாட்டுப் பணம் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு மட்டும் சிறு இருப்புள்ள வேறு கணக்கை இணையுங்கள். யுபிஐ லைட் இருந்தால் மூடுங்கள். அதில் பின் கேட்காமலேயே ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும். பணம் தானாகவே பிடிக்கப்படும் ஆட்டோபே பகுதியில் தெரியாத அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். அந்தப் போனில் பிள்ளையின் கைரேகை பதிவாகியிருந்தால் இந்தப் பூட்டுக்குப் பயனில்லை, அதையும் நீக்குங்கள்.

பிள்ளை தெரியாமல் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தாமதித்தால் கிடைப்பது கடினம். வாட்ஸ்அப்பில் "பாதி விலைக்கு டயமண்ட்" என்று கேம் பாஸ்வேர்டு கேட்கும் ஆட்களிடம் ஏமாந்திருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. டயமண்ட் வாங்குவது அதில் சேராது. சட்டம் காக்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

காசு கொடுத்துச் சக்கரம் சுழற்றி, என்ன விழும் என்று காத்திருக்கும் 'லக் ராயல்' போன்றவற்றைத் தனியாகப் பேசுங்கள். குர்ஆன் (5:90) விலக்கச் சொல்லும் மைஸிரின் (சூதாட்டத்தின்) சாயல் அதில் தெளிவாக இருக்கிறது. மக்தபில் (குர்ஆன் பாடசாலையில்) ஓதும் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொன்னால் புரியும். வாழ்வாதாரமான செல்வத்தை விவரமறியாதவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம் என்னும் 4:5 வசனம், அவர்களிடம் நல்ல முறையில் பேசவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாட்டை மணிக்கணக்கில் வைத்தால் சண்டைதான் வரும். பிஜிஎம்ஐ ஆட்டம் ஒன்று அரை மணி நேரம்கூட ஓடும். நடுவில் போனைப் பிடுங்கினால் அவனோடு சேர்ந்து ஆடும் ஸ்குவாடும் (அணியும்) பாதிக்கப்படும். "இரண்டு ஆட்டம், அவ்வளவுதான்" என்று முன்கூட்டியே பேசுங்கள். திடீரென முழுக்க நிறுத்தினால் முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை வரலாம். படிப்படியாகக் குறைப்பதே நல்லது. ரமழானில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை விழித்திருந்து ஆடும் பழக்கம் பெருநாளுக்குப் பிறகும் தொடர்வதுண்டு. பெருநாள் காசையும் அன்றே பிள்ளையோடு உட்கார்ந்து பிரியுங்கள்: இவ்வளவு உண்டியலுக்கு, இவ்வளவு சதக்காவுக்கு (தர்மத்துக்கு), மிச்சம் அவன் இஷ்டம்.

கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது: இவை சுமார் ஓராண்டு நீடித்து, படிப்பையோ குடும்பத்தையோ கடுமையாகப் பாதித்தால் அதை உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்கிறது. அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிக்குப் போக மறுத்தாலோ, வீட்டு நகை காணாமல் போனாலோ அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். வாப்பா வீடியோ காலில் திட்டும் வேலையை அதற்கு முன் செய்ய வேண்டாம்.