ஜிஎஃப்எஸ் தரவு: முழு உலகத்தையும் இறக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் எடுப்பது

அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவா வெளியிடும் ஜிஎஃப்எஸ் என்ற உலக வானிலைக் கணிப்பு மாதிரியில், 0.25 டிகிரிக்கு ஒரு புள்ளி என்ற கட்டத்துக்கான ஒரு கோப்பே சுமார் 500 எம்பி வரும். ஓர் ஓட்டத்துக்கு (மாதிரியை ஒருமுறை இயக்குவதற்கு) 209 கோப்புகள், நாளுக்கு நான்கு ஓட்டங்கள். வடகிழக்குப் பருவமழையைக் கவனிக்க இதில் ஒரு துளி போதும்.

முதலில் குறைக்க வேண்டியது பரப்பளவை அல்ல, மாறிகளை. இந்தக் கிரிப் (வானிலைத் தரவுக்கான வடிவம்) கோப்பு என்பது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய சுமார் எழுநூறு செய்திகள். ஒரு மாறி, ஒரு மட்டம், ஒரு செய்தி. மழை, 10 மீட்டர் காற்று, கடல்மட்ட அழுத்தம் என நான்கைந்து போதும் என்றால் மீதியைத் தொடவே வேண்டாம். நோவாவின் நோமாட்ஸ் தரவுத் தளத்தின் கிரிப் ஃபில்டரில் மாறி, மட்டம், எல்லை மூன்றையும் ஒரே இணைய முகவரியில் கேட்கலாம். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் திறந்த தரவில் எல்லை வெட்டும் வசதி இல்லை. எந்தச் செய்தி எந்த பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் இன்டெக்ஸ் கோப்பைப் பார்த்து வேண்டிய பைட்டுகளை மட்டும் இறக்கி, பிறகு நம் கணினியில் வெட்ட வேண்டும்.

எல்லை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. தமிழ்நாட்டை மட்டும் ஒட்டி வெட்டினால் (8–13.5 வடக்கு, 76.25–80.25 கிழக்கு) 391 புள்ளிகள். ஆனால் தாழ்வு மண்டலம் உருவாவது வங்கக்கடலில். அது வெட்டிய சட்டகத்துக்கு வெளியே போய்விடும். 5–22 வடக்கு, 75–95 கிழக்கு என்று எடுத்தாலும் 81 × 69, அதாவது 5,589 புள்ளிகள்தான். உலகம் முழுவதற்கும் 10,38,240. பெரிய சட்டகமே இருநூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான், பிறகெதற்குச் சிக்கனம்?

எல்லையை எழுதும் வரிசை கருவிக்குக் கருவி மாறும். கிரிப் கோப்பை வெட்டும் டபிள்யூகிரிப்2 முதலில் தீர்க்கரேகை கேட்கும்: 75:95 5:22. ஐரோப்பிய காலநிலைத் தரவுக்கான கோப்பர்நிக்கஸ் தளத்தில் வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு: 22, 75, 5, 95. பைத்தானின் எக்ஸ்அரே நூலகத்தில் வெட்டும்போது இன்னொரு பொறி: ஜிஎஃப்எஸ் அட்சரேகை 90-இலிருந்து கீழே இறங்குகிறது. 5 முதல் 22 என்று எழுதினால் பிழைச்செய்தி வராது, காலி அட்டவணை வரும். 22 முதல் 5 என்று எழுதுங்கள்.

மழைதான் அதிகம் ஏமாற்றும். ஒரே கோப்பில் இரண்டு மழைச் செய்திகள் இருக்கும்: ஒன்று ஓட்டத்தின் தொடக்கத்திலிருந்து கூட்டியது, மற்றது ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்புவது. இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, அதாவது 03 யுடிசி (உலகப் பொது நேரம்) முதல் 03 யுடிசி. இது அந்த ஆறு மணிநேரக் கூட்டலின் நடுவில் விழுகிறது. எனவே 00 யுடிசி ஓட்டத்தின் தொடக்கக் கூட்டலில் 27-ஆம் மணி மதிப்பிலிருந்து 3-ஆம் மணி மதிப்பைக் கழியுங்கள், விடை மி.மீ.-இலேயே வரும். ஐரோப்பிய மையத்தின் மழை மீட்டரில் இருக்கும், ஆயிரத்தால் பெருக்க வேண்டும். இன்னொன்று: இன்டெக்ஸில் 24-ஆம் மணியின் கூட்டல் "0-24 மணி" என்று இருக்காது, "0-1 நாள்" என்று இருக்கும். மணியைத் தேடும் ஸ்கிரிப்ட் 24-இன் மடங்கான மணிகளில் மட்டும் சத்தமில்லாமல் தவறவிடும்.

ஊர் ஒன்றுக்கு மதிப்பு எடுக்கும்போது பக்கத்துப் புள்ளி எது என்று பாருங்கள். சென்னைக்கு 80.25 கிழக்கு கரையோரம், அடுத்த 80.5 நடுக்கடல். இரண்டையும் கலந்து இடைமதிப்பு எடுத்தால் மே மாதப் பகல் வெப்பம் குளிர்ந்துபோகும். எந்தப் புள்ளி நிலம், எது கடல் என்று சொல்லும் நிலம்-கடல் செய்தியையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஊட்டிக்கு இதே கதை உயரத்தில் வரும்: ஊர் 2,240 மீட்டர், மாதிரியின் கட்டம் சுற்றுப்புறத்தைச் சராசரியாக்கித் தாழ்த்திவிடும்.

இறக்கியதும் இரண்டு சோதனைகள். கோப்பின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் கிரிப் என்றும், கடைசி நான்கு 7777 என்றும் இருக்க வேண்டும். முதலாவது இல்லையென்றால், பெரும்பாலும் சர்வரின் பிழைப் பக்கமே கிரிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். பிறகு செய்திகளை எண்ணுங்கள். கேட்டதைவிடக் குறைந்தால் அந்த ஓட்டத்தை அப்படியே ஒதுக்கிவிட்டு, இன்டெக்ஸ் கோப்பு வந்த பிறகு மறுபடி கேளுங்கள்.