இரவு ஒன்பது மணிக்கும் சுடும் சுவர்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் பெரியம்மாவின் வீடு, 1970களில் எழுந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசின் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் அமைப்பு) கட்டடத்தில் பத்தாவது மாடி. போன மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு என் கையைப் பிடித்து இழுத்துப் படுக்கையறைச் சுவரில் வைத்தார். அடுப்பை அணைத்துச் சற்று நேரமான தோசைக்கல்லின் சூடு.

"ஏர்கான்காரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டான். பழுதே இல்லையாம். பிறகு ஏன் இப்படிப் புழுங்குகிறது?"

அவன் சொன்னதும் சரி, பெரியம்மாவின் புழுக்கமும் நிஜம்.

அது மேற்குச் சுவர். சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு ஓடுகிறது. உச்சிவெயில் பகல் ஒரு மணிக்கு. பொழுது சாய்வது, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு. மாலையில் தாழ்ந்து வரும் வெயில் சுவரின் முகத்திலேயே அறைகிறது. சன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் வெயில்மறைப்பு அதற்கு ஈடுகொடுக்காது. 10 செ.மீ. கனமுள்ள ஒரு சதுர மீட்டர் கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரை அதே அளவு சூடேற்றும். அவ்வளவையும் குடித்த சுவர் அதை உட்பக்கம் கொண்டுவந்து சேர்க்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. சரியாக நாம் படுக்கப்போகும் நேரம்.

ஏர்கானின் உணர்கருவிக்குத் தெரிந்ததெல்லாம் தான் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைதான். உடம்போ சுவர் வீசும் வெப்பக் கதிர்களையும் சேர்த்து வாங்குகிறது. கருவி 24 என்று காட்டினாலும் வேர்க்கிறது, 20க்கு இறக்குகிறோம். மின்கட்டணம் எகிறுகிறது. அதில் யூனிட் கணக்கு இருக்கும், சுவரைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

அதைச் சொல்லக்கூடியவர் அங்கே குடியிருப்பவர்தான், கேட்கும் விதத்தில் கேட்டால். "திருப்தியா?" என்று கேட்டு வாங்கும் பதிலை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் செய்ய முடியாது. எந்த அறை, எத்தனை மணிக்கு, எந்தச் சுவர் என்று கேட்க வேண்டும். வீவக முகவரியில் முதலில் மாடி, பிறகு வீட்டு எண். ஒரே எண்ணுள்ள வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். பதில்களைக் கட்டடத்தின் படத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரே அடுக்கில் மேலிருந்து கீழ்வரை குவிந்தால் பெரும்பாலும் வெயில் படும் பக்கம். உச்சி மாடியில் மட்டும் என்றால் கூரையைச் சந்தேகிக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் அந்தந்த வீட்டு ஏர்கான் வடிகட்டியைக் கழுவச் சொல்லலாம்.

வெயிலைத் தடுக்கும் இடம் சுவருக்கு வெளியே. உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தோடு மல்லுக்கட்டுகிறது. தெம்பனிஸ் வட்டாரக் கட்டடங்களில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் சாயத்தை வீவக சோதித்துப் பார்த்தது இதனால்தான். 2024இல் வீவக குடும்பங்களுக்குத் தலா 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள பருவநிலைப் பற்றுச்சீட்டு கிடைத்தது. மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதனங்கள் வாங்கலாம், சுவருக்கு அது செல்லாது.

பெரியம்மா கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டார். ஏர்கான் 25இல், கூடவே மின்விசிறி. கட்டில் வாசலுக்கு நேரே வந்துவிட்டது, வாஸ்து கெட்டுவிட்டது என்று பெரியப்பாதான் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.